விரல் அறிந்த எழுத்து

நுழையும்முன்

மழலையர் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்னும் சொல்லைக் காண்கிறோம். ஒரு கல்விமுறையின் பெயராகவே அது நம் செவிகளில் பதிந்துவிட்டது. அச்சொல் ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர் என்பதையும், அப்பெண்மணி தம் முதுமைக் காலத்தின் பல ஆண்டுகளை இந்திய மண்ணில், சென்னை அடையாற்றிலும் கொடைக்கானல் மலையிலும் கழித்தவர் என்பதையும் அறிந்தோர் சிலரே. குழந்தை எழுத்தை எவ்வாறு தனதாக்கிக்கொள்கிறது என்பதைப் பல்லாண்டுகள் அருகிருந்து நோக்கிய அவரது வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

மருத்துவம் பயின்ற மங்கை

இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மரியா மாண்டிசோரி பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசு அலுவலர். தாய் ரெனில்டே நூல்களின்மீது பெருவிருப்பம் கொண்டவர். மகளின் கல்விக்காகக் கணவருடன் வாதிடவும் தயங்காதவர். குடும்பம் உரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த பணி ஆசிரியப் பணி ஒன்றே. மரியாவோ ஆசிரியர் ஆகவே மாட்டேன் என்று உறுதியாக இருந்தார். ஆண்களுக்குரியதாகக் கருதப்பட்ட தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து கணிதம் பயின்றார்; பின்னர் மருத்துவத்தின்பால் மனம் திரும்பியது. உலகின் ஆசிரியர் பலருக்கு ஆசிரியராகப் போகிறவர், அப்பணியை வேண்டாம் என்று ஒதுக்கியே தம் பயணத்தைத் தொடங்கினார்!

உரோம் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வகுப்பில் ஆண் மாணவர் நடுவே பெண் ஒருத்தி அமர்ந்து உடற்கூறு பயில்வது நாகரிகமன்று எனக் கருதப்பட்டது. ஆகவே பிற மாணவர் சென்ற பின்னர், அந்தி சாய்ந்த பொழுதில், பிணங்கள் கிடத்தப்பட்ட அறையில் தனித்து நின்று அறுவை பயின்றார் மரியா. 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என்று சிலர் எழுதுவதுண்டு. அவருக்கு முன்பே அங்குப் பட்டம் பெற்ற பெண்கள் இருந்தனர் என்பதே உண்மை. அதனால் அவர் பட்ட பாடு சிறிதும் குறைந்துவிடாது.

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் பணியேற்றார். அறிவு வளர்ச்சி குன்றியவர் எனப்பட்ட குழந்தைகள் அந்நாளில் பெரியவர்களுடன் ஒரே காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தனர். கையில் பிடித்து விளையாட ஒரு பொருளும் அற்ற வெற்று அறைகள் அவை. அக்குழந்தைகளுக்கு வேண்டியது மருந்தன்று, கல்வி என்னும் முடிவுக்கு வந்தார் மரியா. பிரான்சு நாட்டு மருத்துவர்களான இட்டார்டு, செகுவான் ஆகியோரின் நூல்களைத் தேடிப் படித்தார். புலன்களைப் பயிற்றுவதன் வழியே அறிவைத் தட்டியெழுப்பலாம் என அவர்கள் காட்டியிருந்தனர். அவ்வழியில் மரத்தால் எழுத்துகளைச் செய்வித்துக் குழந்தைகளின் கையில் கொடுத்தார். அவர்கள் அவ்வெழுத்துகளின் மீது விரலை ஓட்டினர்.

காப்பகக் குழந்தைகள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, பிற பள்ளிக் குழந்தைகளுடன் பொதுத்தேர்வு எழுதித் தேர்ச்சியும் பெற்றனர். ஊரார் இதனை அற்புதம் என்று வியந்தனர். மரியாவின் உள்ளத்தில் எழுந்ததோ வேறொரு வினா. குறையுடைய குழந்தைகளே இத்துணை முன்னேற இயலுமாயின், நலமுடைய குழந்தைகளை நம் பள்ளிகள் ஏன் இவ்வளவு தாழ்ந்த நிலையில் வைத்திருக்கின்றன? தேர்வு முடிவைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். இவ்வினாவைக் கேட்டவர் அவர் ஒருவரே.

இக்காலத்தில்தான் அவர் வாழ்வின் ஆழ்ந்த துயரமும் நேர்ந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரோடு அன்பு பூண்டிருந்த மரியாவுக்கு, 1898ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மரியோ என்னும் மகன் பிறந்தான். அவர்களுக்குத் திருமணம் நடைபெறவில்லை. செய்தி வெளிப்பட்டால் பணியும் பெயரும் ஒருங்கே அழிந்துபோகும் காலம் அது. குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தது. மரியா அவ்வப்போது சென்று கண்டு வருவார். தாய் என்று சொல்லிக்கொள்ளாமலே திரும்புவார். பிறர் குழந்தைகளின் ஒவ்வோர் அசைவையும் குறித்து வைத்த அவர், தம் மகன் நடைபயின்றதையும் பேசப் பழகியதையும் அருகிருந்து காணவில்லை. அவரை முழுமையாக அறிய விரும்புவோர் இதனை ஒதுக்கிவிட இயலாது.

சான் லொரென்சோவின் அறுபது குழந்தைகள்

உரோம் நகரின் சான் லொரென்சோ பகுதி அந்நாளில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இடம். பாழடைந்து கிடந்த அடுக்குக் குடியிருப்புகளைக் கட்டட நிறுவனம் ஒன்று சீர்செய்து வாடகைக்கு விட்டது. பெற்றோர் விடியலில் வேலைக்குச் சென்றுவிடுவர். பள்ளி செல்லும் வயது எய்தாத சிறுவர் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து, புதிதாகப் பூசிய சுவர்களைக் கீறி வைத்தனர். சுவரைச் செப்பனிட ஆகும் செலவைக் காட்டிலும், குழந்தைகளை ஓர் அறையில் அமர்த்திப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு குறைவு என்று உரிமையாளர்கள் எண்ணினர். அப்பொறுப்பு மரியாவிடம் வந்தது. 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. உலகெங்கும் மழலையர் கல்வியை மாற்றியமைத்த ஒரு முயற்சி, சுவரைக் காக்கும் கணக்கிலிருந்து பிறந்தது என்பது எண்ணி வியக்கத்தக்கது.

ஏறத்தாழ மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள ஐம்பது அறுபது குழந்தைகள் வந்தனர். அஞ்சியும் அழுதும் ஒடுங்கியும் நின்றனர். அவர்களைக் கவனிக்க முறையான ஆசிரியப் பயிற்சி பெறாத பெண் ஒருவரை மரியா அமர்த்தினார். பயிற்சி பெற்றவராயின் தம் பழைய வழக்கங்களை விட மாட்டார் என்பது அவர் கருத்து. கட்டணம் இல்லை. ஆயினும் சில விதிகள் எழுதித் தொங்கவிடப்பட்டன. குழந்தை தூய உடலும் தூய உடையுமாக வருதல் வேண்டும். தாய் வாரம் ஒருமுறையேனும் ஆசிரியையிடம் வந்து குழந்தையைப் பற்றிப் பேசுதல் வேண்டும். ஆசிரியையும் அதே கட்டடத்தில் குடியிருந்தார். மருத்துவரின் பழக்கம் மரியாவை விடவில்லை. குழந்தைகளின் எடை வாரந்தோறும், உயரம் மாதந்தோறும் குறிக்கப்பெற வேண்டும் என வகுத்தார். இன்று வாரந்தோறும் பெற்றோருக்குக் கற்றல் குறிப்பு அனுப்பும் பன்னாட்டுப் பள்ளிகளும் உண்டு. சான் லொரென்சோவின் சலவைத் தொழில் செய்யும் தாயருக்கு அவ்வுரிமை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, நேருக்கு நேர் பேசும் வடிவில் கிடைத்திருந்தது.

அங்கு நிகழ்ந்தவற்றை மரியா தம் நூல்களில் விரிவாகக் குறித்துள்ளார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, பருமன் வேறுபட்ட மர உருளைகளை உரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். பிற குழந்தைகளைச் சூழ்ந்து நின்று பாடச் செய்தும் அவள் நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி மேசைமேல் வைத்தபோதும் உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு பணியைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கும் மேலாக அதனையே செய்தபின், உறங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்துடன் தானாகவே நிறுத்தினாள். குழந்தைக்குக் கவனம் நிலைக்காது என்பது பொதுவான கருத்து. தனக்கேற்ற பணி கிடைக்கும்வரை அது நிலைக்காது என்று மரியா அன்று அறிந்தார்.

மற்றொரு நாள் ஆசிரியை பொருள்கள் வைத்த அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டுக் காலந்தாழ்ந்து வந்தார். குழந்தைகள் தத்தமக்கு வேண்டியதை எடுத்துப் பணியில் அமர்ந்திருந்தனர். அதனைத் திருட்டு என்று கருதினார் ஆசிரியை. மரியாவோ, எதை எடுக்க வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் அறிவு அவர்களுக்கு வந்துவிட்டதற்கு அது அடையாளம் எனக் கொண்டார். உயர்ந்த அலமாரி அகன்றது. குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த அடுக்குகள் வந்தன. மழலையர் வகுப்புகளில் இன்று நாம் காணும் தாழ்ந்த அடுக்குகளின் கதை இதுதான். இடித்தால் ஓசையுடன் விழும் இலேசான நாற்காலிகளையே அவர் விரும்பினார். தரையோடு பிணைத்த கனத்த விசிப்பலகை குழந்தையின் தடுமாற்றத்தை மறைத்துவிடும். விழுந்த நாற்காலியோ அதனை உடனே உணர்த்திவிடும்.

மூக்கைச் சிந்தும் பாடமும் ஒன்று உண்டு. கைக்குட்டையால் ஓசையின்றி மூக்கைத் துடைப்பது எவ்வாறு என்று ஒருநாள் மரியா மெல்லச் செய்து காட்டினார். குழந்தைகள் அசையாது நோக்கினர். முடிந்ததும் கைதட்டி ஆரவாரம் செய்தனர். மூக்கொழுகுவதற்காக எப்போதும் ஏச்சே பெற்றவர்கள் அவர்கள். இகழாமல் கற்பித்தவர் ஒருவரை அன்றுதான் கண்டனர்.

எழுத்தின் வாயில்

ஆறு வயதுக்குமுன் எழுத்தறிவிக்கும் எண்ணம் மரியாவுக்குத் தொடக்கத்தில் இல்லை. குழந்தைகளும் தாயருமே வேண்டிக் கேட்டனர். காப்பகத்தில் பயன்படுத்திய மர எழுத்துகளைப் போன்றவற்றைச் செய்விக்க முனைந்தார். அதற்கான செலவு கைக்கு மீறியது. ஆகவே உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி, வழவழப்பான அட்டையில் ஒட்டினார். வறுமையால் நேர்ந்த இம்மாற்றமே பெரும்பேறாயிற்று. எழுத்தின் மேல் செல்லும்போது விரல் சொரசொரப்பை உணரும். வழி தவறினால் அட்டையின் வழவழப்பே தவற்றைக் காட்டிவிடும். திருத்துவதற்கு ஆசிரியர் தேவையில்லை.

கற்பிக்கும் முறை மூன்று படிகளைக் கொண்டது. முதலில் ஆசிரியர் எழுத்தின்மீது விரலை ஓட்டி அதன் ஒலியைச் சொல்வார். குழந்தையும் அவ்வாறே செய்யும். அடுத்து, இரண்டு மூன்று அட்டைகளைப் பரப்பி, குறிப்பிட்ட ஒலிக்குரியதை எடுத்துத் தரச் சொல்வார். இறுதியாக ஓர் அட்டையைக் காட்டி அதன் ஒலியைக் கேட்பார். இரண்டாம் படியில் குழந்தை தவறினால் கடிந்துகொள்வதில்லை, திருத்துவதும் இல்லை. அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு நாள் தொடங்குவார். படித்துப் பார்க்க எளிதாகத் தோன்றும் இது, வகுப்பறையில் மிக அரிது. தவற்றைக் கண்டும் வாய் திறவாதிருக்க ஆசிரியருக்குப் பெரும் பயிற்சி வேண்டும்.

ஒலிகளை அறிந்த குழந்தைகளுக்கு வெட்டிய எழுத்துகள் நிறைந்த பெட்டி தரப்பட்டது. தாம் பேசும் சொற்களை ஒலி ஒலியாகப் பிரித்து, எழுத்துகளை அடுக்கிச் சொல்லாக்கினர். பிறிதொருபுறம் எழுதுகோலைப் பிடிக்கவும், வடிவங்களைக் கோடுகளால் நிரப்பவும் கை பழகிவந்தது. எழுது என்று எவரும் சொல்லவில்லை. அவ்வாண்டு திசம்பர் மாதத்தில் வெயில் நன்கு காய்ந்த ஒரு நாள், மரியா குழந்தைகளை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றிருந்தார். அருகிருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டி ஒன்றைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்தான், ஒரு கணம் நின்றான், பின் தனக்கு எழுதத் தெரிகிறது என்று கூவினான். மண்டியிட்டுத் தளத்தில் கை என்னும் பொருளுடைய சொல்லை எழுதினான்; புகைபோக்கி என்றும் கூரை என்றும் அடுத்தடுத்து எழுதினான். பிற குழந்தைகளும் ஓடிவந்து சுண்ணக்கட்டி கேட்டனர். எழுத்தறியாப் பெற்றோருக்குப் பிறந்த அக்குழந்தைகள், அதன்பின் தரையிலும் கதவிலும் சுவரிலும் எழுதினர். சுவரைக் காப்பதற்காகத் தொடங்கிய இல்லம் அல்லவா அது!

படிப்பதற்குமுன் எழுதுவது என்னும் இவ்வரிசை ஆசிரியர் உலகைத் திகைக்கச் செய்தது. தன் மனத்திலுள்ள சொல்லைக் குழந்தை எழுதுகிறது. ஆதலால் அது எளிது. பிறர் மனத்திலிருந்து வந்த சொல்லை எழுத்தினின்று மீட்டெடுப்பதே படித்தல். ஆதலால் அது பின்னர் வருகிறது என்று அவர் விளக்கினார்.

நம் நாட்டினர்க்கு விரலால் எழுதிக் கற்பது புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் பழகினர் நம் முன்னோர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர், இவ்வழக்கத்தை நேரில் கண்டு தம் பள்ளியில் புகுத்தினார். சென்னை முறை என்னும் பெயரோடு இங்கிலாந்திற்கும் அது சென்றது. உப்புத்தாள் எழுத்து அதிலிருந்து வந்ததன்று. எனினும் விரலுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை இரு நிலங்களும் தனித்தனியே கண்டுகொண்டன எனலாம்.

ஆங்கிலத்திற்கு இம்முறை சென்றபோது ஓர் இடர் எழுந்தது. இத்தாலிய மொழியில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துச் செல்லும். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. ஓர் எழுத்துக்கே பல ஒலிகளும் உண்டு. சி, ஏ, டி என்று பெயர்களை அடுக்கிச் சொல்லும் குழந்தைக்குக் கேட் என்னும் சொல் ஒருபோதும் கேட்காது. ஆகவே பெயர்களைப் பின்னுக்குத் தள்ளி ஒலிகளையே முதலில் தருவது முறையாயிற்று. பன்னாட்டுப் பள்ளிகளின் மழலையர் வகுப்புகள் பலவற்றில் இன்று வாரத்திற்குச் சில ஒலிகளே கற்பிக்கப்படுகின்றன. ஸ், ட், ப், இ, ன் ஆகிய ஒலிகளை அறிந்தவுடனேயே குழந்தை சிட், பின், டிப் முதலிய சொற்களை அமைத்துவிடும். இருபத்தாறு எழுத்துகளும் முடியும்வரை அது காத்திருக்க வேண்டுவதில்லை. ஒலிவழிக் கற்பித்தலை மரியா தாமே கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது; அவருக்கு முன்பும் அது இருந்தது. அதனுடன் விரலையும், ஆசிரியரின் பொறுமையையும் இணைத்து முறைப்படுத்தியது அவர் பணி.

புகழும் பகையும்

1909இல் அவரது முதல் பெருநூல் வெளிவந்தது. 1912இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. 1915இல் சான் பிரான்சிஸ்கோ உலகப் பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர்களாலான வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டது. முன்பு பள்ளி சென்றறியாத முப்பது குழந்தைகள் உள்ளே தம் பணியில் ஆழ்ந்திருக்க, வெளியே பார்வையாளர் திரண்டு நின்றனர். எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. குறிப்பிட்ட பொருள்களையே குறிப்பிட்ட முறையில் கையாளச் செய்வதால் கற்பனைக்கு இடமில்லை என்று கில்பாட்ரிக் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1914இல் எழுதினார். அமெரிக்காவில் அம்முறை விரைவில் தளர்வதற்கு அத்திறனாய்வும் ஒரு காரணமாயிற்று. அதனை முழுதும் புறந்தள்ளுவதற்கில்லை. பொருள்களை மட்டும் வாங்கி அடுக்கிவிட்டுக் குழந்தையை நோக்க மறந்த வகுப்புகளுக்கு அது இன்றும் பொருந்தும்.

தாய் ரெனில்டே 1912இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, பதினைந்து வயதை எட்டிய மரியோ தாயுடன் வந்து சேர்ந்தான். அதன்பின் தாயின் வாழ்நாளில் பெரும்பகுதி அவருடனேயே இருந்தான். ஆயினும் உலகின்முன் மருமகன் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் அவன் குறிப்பிடப்பட்டான்.

முசோலினியின் அரசு முதலில் மரியாவின் பள்ளிகளை ஆதரித்தது. அவரும் அவ்வாதரவை ஏற்றார். இதனை அவர் வாழ்வின் மாசாகச் சுட்டுவோர் உண்டு. தாமே தேர்ந்து பணி செய்யும் குழந்தையும், ஆணைக்கு அணிவகுக்கும் குழந்தையும் ஒரே கூரையின்கீழ் நெடுநாள் இருத்தல் இயலாது. 1934இல் அவ்வுறவு முறிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, மரியா நாட்டைவிட்டு நீங்கினார். பார்சிலோனாவில் இருந்த அவரை 1936இல் உள்நாட்டுப் போர் விரட்டியது. நெதர்லாந்து அடைக்கலம் தந்தது.

அடையாற்றில்

பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 1939ஆம் ஆண்டின் இறுதியில் மரியாவும் மரியோவும் சென்னை வந்தனர். மரியாவின் வயது அறுபத்தொன்பது. சில மாதங்கள் தங்கித் திரும்புவதே திட்டம். அடையாற்றில் நடந்த முதல் பயிற்சிக்கு நாடெங்கிலுமிருந்து முந்நூறு பேருக்கும் மேல் வந்தனர். மரியா இத்தாலிய மொழியில் பேசுவார். அருகில் நின்று மரியோ ஆங்கிலத்தில் பெயர்ப்பார். கேட்போர் தத்தம் தாய்மொழியில் எண்ணிக் குறித்துக்கொள்வர்.

1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கில அரசின் கண்ணில் அவ்விருவரும் பகைநாட்டவர் ஆயினர். மரியோ சிறைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். மரியா அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. முன்பு பழிக்கு அஞ்சிப் பிரிந்த மகனை இப்போது போர் பிரித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அவரது எழுபதாம் பிறந்தநாள். அன்று அரசப்பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுவிப்பதாக அது தெரிவித்தது. மரியோவை மரியாவின் மகன் என்றே அத்தந்தி குறித்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் அவர் வாய்விட்டுச் சொல்லாத சொல்லை, அவரை அடைத்து வைத்த அரசே சொல்லிவிட்டது.

போர்க்காலத்தின் சில ஆண்டுகளைக் கொடைக்கானலில் கழித்தார். இலங்கையைச் சேர்ந்த இலேனா விக்கிரமரத்தினவின் துணையோடு அங்கு நடந்த சிறு பள்ளியில் வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயின்றனர். மலையின் செடிகளும் பூச்சிகளும் கற்களும் பாடமாயின. பெரிய குழந்தைகளுக்கான அவரது கல்விச் சிந்தனை இங்குதான் விரிவடைந்தது. வேலைக்குச் சென்றாலும் கடைக்குச் சென்றாலும் குழந்தையை இடுப்பில் சுமந்து செல்லும் நம் தாய்மாரை அவர் கூர்ந்து நோக்கினார். எவரும் பாடம் நடத்தாமலே அக்குழந்தை சுற்றியுள்ள பேச்சை உள்வாங்கிக்கொள்வதை எண்ணினார். மூன்று வயதில் தொடங்குவது என்று தாம் வகுத்த கல்வியைப் பிறப்பிலிருந்தே தொடங்கவேண்டும் என விரித்துரைத்தார். அகமதாபாத்தில் இது குறித்து அவர் ஆற்றிய சொற்பொழிவுகள், 1949இல் சென்னை அடையாற்றிலிருந்து ஆங்கில நூலாக வெளிவந்தன. இன்று உலகின் பல மொழிகளில் பயிலப்படும் அந்நூலின் முதற்பதிப்பு தமிழ்நாட்டில் அச்சேறியது என்பது நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

1946இல் ஐரோப்பா சென்றவர், மறு ஆண்டே இந்தியா திரும்பி 1949 வரை பணியாற்றினார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. நெதர்லாந்தின் நூர்துவைக் என்னும் கடற்கரை ஊரில் 1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், தம் எண்பத்தோராம் வயதில் அவர் காலமானார். அவர் எழுதி வைத்த விருப்ப ஆவணத்தில் மரியோவைத் தம் மகன் என்றே குறித்திருந்தார். இறுதி நாளன்றும் தாயும் மகனும் பேசிக்கொண்டிருந்தது ஒரு பயணத்தைப் பற்றியே. ஆசிரியர்களைப் பயிற்ற ஆப்பிரிக்காவிற்குச் செல்லலாமா என்பது அப்பேச்சு.